தளத்தில் கட்டிய தண்ணீர்

என் அருமை மகளுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. எனக்கு எதைச் செய்தாலும் ஒரு அசதி. ஐம்பதுகூட ஆகாத உடம்புக்கு இவ்வளவு அசதி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, திருத்த வேண்டிய விடைத்தாள்களைத் தள்ளி வைத்துவிட்டு, நான்கு நாட்களாக இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ கேட்டால் நான் பதில் சொல்வேன். நானாக ஒன்றைத் தொடங்கி, இடையில் நிறுத்தாமல் முடிக்க எனக்கு வராது. எழுதினால் மட்டும் கொஞ்சம் வரும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான்தான் என்றாலும், அந்த மூன்று வருடத்தில் வகுப்பில் எழுந்து நின்று நான் கேட்ட சந்தேகம் ஒன்றுகூடக் கிடையாது. பரீட்சையில் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் முடிவாகிவிட்டது என்றாய். பன்னிரண்டு வருடம் பழையது, ஆனாலும் வெளிச்சம் நன்றாக வருகிறது என்றாய். லோன் சரியாகிவிட்டது, இன்னும் இரண்டு வாரத்தில் பத்திரம் பதிகிறோம், அடுத்த முகூர்த்தத்தில் பால் காய்ச்சிவிடலாம் என்றாய். இருபத்தாறு வயதில் தன் சம்பாத்தியத்தில் தன் பெயருக்கே வீடு வாங்குகிற பெண், உன் அப்பா வழியிலும் இல்லை, என் வழியிலும் இல்லை. நான் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன், கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அது உனக்குத் தெரியாது. நீ அடுத்துச் சொன்னாய்: "நீ மட்டும் வாம்மா. அப்பா வேண்டாம். நான் மொதமொத வாங்குத வீடு. அதுல அவங்க கை படாம இருக்கட்டும்."

அப்பா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நீ பேசி முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை. நான் போனை வைத்த பிறகு, உரித்ததையெல்லாம் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "போயிட்டு வாளா. ரெண்டு பேரும் போயிட்டா இங்கன யாரு காவலு. நம்ம வீட்டுத் தளம் இருக்க இருப்புக்குக் கள்ளன் ஏணிகூடக் கொண்டு வர வேண்டாம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நம் தலைக்கு மேல் இருக்கிற அந்தக் காங்கிரீட் தளத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அது பெயர்ந்து உன் தோளில் விழுந்ததற்கு அப்பாவின் கஞ்சத்தனம்தான் காரணம் என்று ஒன்பது வருடமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி நினைக்கும்படி விட்டவள் நான். உண்மை வேறு. எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் உன்னிடம் சொல்லாமல், அவரையும் உன்னையும் இரண்டு பக்கம் நிற்கவைத்து, நடுவில் நின்று சேதி சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா சாப்பிட்டாங்களா", "பிள்ள ஊரு போய்ச் சேந்துட்டாளா" என்று உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் போய்வந்த கேள்வி ஒவ்வொன்றையும் நான்தான் சுமந்திருக்கிறேன். என் அசதியில் பாதி அந்தச் சுமைதான் என்று இப்போது தோன்றுகிறது.

நாம் வீடு கட்டியபோது உனக்கு நான்கு வயது. அதுவரை முத்தையாபுரத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஐந்து குடும்பத்துக்கு ஒரு குழாய். அப்பா ஹார்பருக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டினார். கேட்டுக்கு வெளியே வரிசையில் இரண்டு நாள் மூன்று நாள் காத்துக் கிடந்துவிட்டு வருவார். வந்ததும் முதல் வேலையாகக் குழந்தை தூங்குகிற இடத்துக்கு மேலே ஓடு ஒழுகுகிறதா என்று பார்ப்பார். சொந்த வீடு என்று அவர் ஒருநாளும் சத்தமாகப் பேசியதில்லை. ஒருநாள் திருச்செந்தூர் ரோட்டில், உப்பளத்துக்கு இந்தப் பக்கம் போட்டிருந்த மனைகளில் ஒன்றைக் காட்டி, இது நம்முடையது என்றார். மண்ணெல்லாம் அங்கங்கே வெளுத்துக் கிடந்தது. போர் போட்டார்கள். சீக்கிரமே தண்ணீர் வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "குளிக்கத் தொவைக்க ஆகும்" என்றார்.

உனக்கு இப்போது தாம்பரத்தில் குழாயைத் திறந்தால் ஒரே தண்ணீர் வரும். இந்த ஊரில் நாங்கள் வளர்ந்தது அப்படி அல்ல. நல்ல தண்ணீர் வாய்க்கு, உப்புத் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். இதைப் பிறந்த பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடத்தில் பிடித்து மூடி வைத்த நல்ல தண்ணீரில் கை கழுவினால் அடி விழும். அப்படி வளர்ந்தவர்களுக்கு சிமெண்டில் நல்ல தண்ணீரை ஊற்றுவதென்றால் மனசு வராது. எங்களுக்கு வீடு என்பது வாய் அல்ல, மற்றது. எத்தனையோ வீடுகளை எங்கள் ஆட்கள் உப்புத் தண்ணீரில் குழைத்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எழுப்பினார்கள். அந்தத் தண்ணீரைச் சுவரும் குடிக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. நான் கெமிஸ்ட்ரி படித்தவள்.

தளம் போடுவதற்கு முந்தின நாள் நான் தூக்குவாளியில் டீ கொண்டுபோனேன். கம்பி கட்டி முடித்திருந்தார்கள். கொத்தனார், பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆட்கள், உன் பெரியப்பா எல்லோரும் கீழே மணல் குவியலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அது எனக்குக் கூச்சமாக இருந்தது. "ஏளா, இங்கன வா. நீ கெமிஸ்ட்ரி படிச்சவல்லா. இந்தப் போர்த் தண்ணி தளத்துக்கு ஆகுமா, இல்ல நல்ல தண்ணி லாரி சொல்லணுமா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

கொத்தனார் டம்ளரை நீட்டிக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, தளம் போடுததுக்கு மதினிட்ட பரீட்ச எழுதணுமோ? ஊரு பூரா இந்தத் தண்ணியிலதான் நிக்கி" என்றார். பெரியப்பா தலையைத் தூக்கவே இல்லை. "பொம்பளைட்ட கேட்டுத் தளம் போட்ட மொத ஆளு நீதாம்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. வேலைக்கு நடுவில் ஆண்கள் சிரிக்கிற சிரிப்புதான். குளோரைடு கம்பியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். துருப்பிடித்த கம்பி பருத்துக்கொண்டே போகும், அதற்கு அதிக இடம் வேண்டும், அந்த இடத்துக்காகக் காங்கிரீட்டையே உடைத்து வெளியே தள்ளும் என்று தெரியும். ஒரு தாள் கொடுத்திருந்தால் எழுதியிருப்பேன். நான் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டு, "கொத்தனாரண்ணாச்சிக்குத் தெரியாததா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்பா ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம், "சரி, அப்ப போர்த் தண்ணியே ஓடட்டும்" என்று திரும்பிவிட்டார்.

தளம் போட்டார்கள். மறுநாள் காலையில், காங்கிரீட் இறுகுவதற்காக மேலே மண்ணால் சின்னச் சின்ன வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீரை நிறுத்தினார்கள். சித்திரை மாதம். அப்பா லாரிக்குப் போய்விட்டார். காலையிலும் சாயங்காலமும் குழாயைப் பிடித்து அந்தப் பாத்திகளை நிரப்பியது நான்தான். ஏழெட்டு நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் மேலே போனபோது தண்ணீர் வற்றி, வரப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம். இந்தப் பக்கம் நம் மொட்டைமாடி. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்போதுகூட நேரம் இருந்தது. லாரி சொல்லி நல்ல தண்ணீர் விட்டு அலசியிருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்கும். யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார்களே என்று நினைத்தேன். விளக்குமாற்றை எடுத்துக் கூட்டித் தள்ளிவிட்டு, மறுபடியும் அதே தண்ணீரைக் கட்டினேன். நீ என் கூடவே இருந்தாய். கூட்டிய உப்பைக் குவித்துவைத்து, வாங்குதீங்களா என்று என்னிடம் விலை பேசினாய்.

அந்த வீட்டில் நான் சொல்லாமல் விட்டது அது ஒன்று மட்டுமல்ல. சமையலறை ஜன்னல் கிழக்கே இருந்தால் காலை வெயில் வரும் என்று எனக்கு ஆசை. கொத்தனார் மேற்கே வைத்தார். அது பக்கத்து வீட்டுக் கக்கூஸைப் பார்த்தபடி இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக நான் அந்த ஜன்னலைத் திறந்ததில்லை. ஹாலுக்கு வெளிர்மஞ்சள் அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். பெரியப்பா பச்சை என்றார், பச்சை அடித்தார்கள். அப்பா மட்டும் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். வாசல் தூணில் கறுப்புக் கல் பதித்து, என் பெயரைப் போட்டு, பின்னால் பி.எஸ்சி. என்றும் போட்டார். தன் பெயரைப் போடவில்லை. பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. என் வீட்டுப் பால் காய்ச்சலுக்கு நானே பாதிதான் வந்தேன் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது.

பிறகு நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பில் துருப்பிடித்தல் பாடம் வரும். மூன்று சோதனைக் குழாயில் மூன்று ஆணி. ஒன்று காய்ந்தது, ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். எது முதலில் துருப்பிடிக்கும் என்று பிள்ளைகளைக் கேட்பேன். வகுப்பில் மட்டும் எனக்குக் குரல் வரும், அங்கே எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். வருடா வருடம் உப்புத் தண்ணீர் ஆணிதான் ஜெயிக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பேன். உள்ளறையில் கம்பி போன வழியெல்லாம் பழுப்புக் கோடு விழ ஆரம்பித்திருந்தது. அப்பாவும் பார்த்தார். ஏணி வைத்து ஏறி வெள்ளைச் சிமெண்ட் பூசினார். அடுத்த மழைக்கு மறுபடி தெரியும், மறுபடி பூசுவார். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நான் நிற்பேன். அப்போதும் அவரிடம் சொல்லவில்லை.

உன் பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் அது விழுந்ததைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காலையில் நீ உள்ளறையில் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாய். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தலையில் விழவில்லை, தோளில் விழுந்தது என்று ஊரில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வலது பக்கத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு பரீட்சை எழுத முடியவில்லை. நீ ஆசைப்பட்ட படிப்பு போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பெரியப்பா, "இவன் அன்னைக்கே நல்ல தண்ணி லாரி சொல்லியிருந்தா இந்த கதி வந்திருக்குமா" என்று நீ படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நீ அப்பாவைப் பார்த்தாய். "ரெண்டு லாரி தண்ணிக்குக் கணக்குப் பாத்தீங்களாப்பா" என்று மட்டும்தான் கேட்டாய்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். "உங்க அம்மாட்ட கேட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. நீ அவரிடம் பேசுவதை நிறுத்தினாய். முழுக்க நிறுத்தவில்லை, அது எனக்குத் தெரியும். பேசாதவள் என்று யாரும் குறைசொல்ல முடியாதபடி, பண்டிகைக்குப் பண்டிகை இரண்டு வார்த்தை வைத்திருந்தாய். அது பேசாமல் இருப்பதைவிட அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு அப்பா ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டார். வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டடைக் கம்பை எடுத்துத் திருப்பிப் பிடித்து, தளத்தை ஒவ்வொரு அடியாகத் தட்டிக்கொண்டே வருவார். டணார் என்று கேட்டால் நன்றாக இருக்கிறது. பொதுக் என்று கேட்டால் உள்ளே காங்கிரீட் கம்பியை விட்டுப்போயிருக்கிறது. அங்கே கரிக்கோடு போட்டு, அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருவுக்கு மருந்தடித்து, மறுபடி பூசுவார். இப்போது நம் தெருவில் யார் வீடு வாங்கினாலும் முதலில் அவரைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். முழங்கால் வலியோடு போய்த் தட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவார். லீவுக்கு வந்திருந்தபோது நீ இந்தச் சத்தம் பொறுக்காமல் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாய். மகள் மேல் விழுந்த பிறகு தட்டி என்ன பிரயோஜனம் என்று நீ நினைத்திருப்பாய். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்பது என் எண்ணம். ஆனாலும் தட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவர் கள்ளன் ஏணி என்று சொல்லிச் சிரித்த பிறகு, நான் குழம்பு கூட்டி, மீன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானாக அப்படி உட்கார்ந்து பேச ஆரம்பித்தது முதல் தடவையாக இருக்கும். அன்றைக்கு டீ கொண்டு வந்தபோது நீங்கள் கேட்டீர்களே, அந்தத் தண்ணீர் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். மாடியில் உப்பு பூத்ததையும், நான் நாக்கில் வைத்துப் பார்த்ததையும், கூட்டித் தள்ளியதையும் சொன்னேன். அவர் வெங்காயத் தோலை எல்லாம் ஒரு பேப்பரில் வழித்து மடித்தார்.

"உப்பு பூத்தது எனக்குத் தெரியாது" என்றார். அப்புறம், "ஆனா அன்னைக்கு ஒன் மொகத்தப் பாத்தேன்லா. ஆகாதுன்னு மொகத்துல எழுதியிருந்துச்சு. வாயால ஆகும்னுட்ட. எனக்கு அது சௌகரியமாப் போச்சு. லாரிக்காரன் பின்னால அலைய வேண்டாம்னு விட்டுட்டேன். நீ பேசல, நான் இன்னொரு தடவ கேக்கல. ரெண்டும் சரிக்குச் சரிதான்" என்றார்.

பின்னே ஏன் ஆஸ்பத்திரியில் என்னைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "பிள்ளைக்கு அந்நேரம் யாராவது ஒருத்தராவது வேணும்ளா" என்றார். அவ்வளவுதான். எழுந்துபோய் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் தட்டிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். மீன் ஆறிப்போயிற்று.

மறுநாள் நீ அனுப்பிய படங்களை அவரிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொன்றையும் பார்த்தார். ஹால், பால்கனி, அலமாரி, எல்லாம் அழகாக எடுத்திருக்கிறாய். கடைசியில் போனை என்னிடம் கொடுத்து, "எல்லாத்தையும் எடுத்திருக்கா. மேல ஒண்ணுகூட எடுக்கல பாரு. குளிக்க ரூம்புக்கு மேல என்ன இருக்குன்னு கேளு. அதுக்கு மேல மாடிவீட்டுக்காரன் குளிக்க ரூம்புதான இருக்கும். மழைக்கு மறுநாள் போய்ப் பாக்கச் சொல்லு" என்றார். சொல்லு, கேளு. எப்போதும்போல என்னிடம்தான் சொன்னார்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். இனி நான் சொல்ல நினைப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். பத்திரம் பதிவதற்கு முன்னால் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிடு. விற்கிறவர் சிரிக்கலாம், புரோக்கர் சிரிக்கலாம், பொம்பளைப் பிள்ளைக்கு எவ்வளவு சந்தேகம் பார் என்று உன் முன்னாலேயே சொல்லலாம். அந்தச் சிரிப்பு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று எனக்கு இப்போது தெரியும். தளம் நம் தலைக்கு மேல் எத்தனையோ வருடம் நிற்கப் போகிறது. தச்சர் வந்தால் அலமாரி எவ்வளவு உயரம் என்பதை நீ சொல். உன் கை எட்டுகிற உயரம் உனக்குத்தான் தெரியும். சுவருக்கு என்ன நிறம் என்று சொந்தக்காரர்களிடம் கேட்காதே, என்னிடமும் கேட்காதே. ஃப்ளாட்டில் ஜன்னலை மாற்ற முடியாது. ஆனால் எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்பதை நீ முடிவு செய்யலாம். பால் காய்ச்சுகிற அன்றைக்கு அடுப்படிக்குள் ஒளியாதே. ஹாலில் நடுவில் நில். அது உன் வீடு என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். முதலில் உனக்குத் தெரிய வேண்டும். பத்திரத்தில் பெயர் வருவது ஒரு நாள் வேலை. அது உன்னுடையதாக ஆவதற்கு நீ அந்த வீட்டில் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

இதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை என்றும் தெரியும். நீ என்னைப்போல இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், தோளில் கட்டோடு, பெரியவர்கள் முன்னால் வைத்து நீ அப்பாவைக் கேள்வி கேட்டாய். அந்தக் கேள்வி தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்தது என்றாலும், உனக்குக் கேட்க வந்ததே என்று எனக்குள் ஒரு மூலையில் பொறாமையாக இருந்தது. இப்போது அதைச் சரியான இடத்தில் கேள். என்மேல் கோபம் வந்தால் வரட்டும். ஒன்பது வருடமாக அவர் ஒருவரே வாங்கிக்கொண்டதில் பாதி என்னுடையது. அதைக் கழித்து என் பக்கம் வைத்துக்கொள். கொஞ்ச நாள் நீ என்னிடம் பேசாவிட்டாலும் நான் தாங்கிக்கொள்வேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பதைத்தான் இனிமேல் தாங்க முடியாது.

அதனால் ஒன்று சொல்கிறேன். அப்பா வராத பால் காய்ச்சலுக்கு நான் வரமாட்டேன். உன்னை மிரட்ட எழுதவில்லை, உன்னிடம் கோபமும் இல்லை. அவரை இந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ரயிலேறி வந்து, உன் புது அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது. மாட்டேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதிவிட்டு இந்த வரியை இரண்டு தடவை அடிக்கப் பார்த்தேன். அடிக்கவில்லை.

பத்திரப் பதிவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் அவர் ஒருதடவை வந்து அந்த ஃப்ளாட்டைத் தட்டிப் பார்க்கட்டும். டிக்கெட் எடுக்க எனக்குத் தெரியும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவரைக் கூப்பிடு. என்னிடம் சொல்லி அனுப்பாதே, நான் இனிமேல் எந்தச் சேதியையும் கொண்டுபோக மாட்டேன். நேராக அவர் நம்பருக்குப் போடு. லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுப்பார். எடுத்ததும் "சொல்லு" என்று ஒரு வார்த்தைதான் சொல்வார். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு வராது. நீதான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா